புகை மணக்கும் பஞ்சாங்கம்

அக்டோபர் மாதத்து மாலை ஒன்றில், பவேரியாவின் வடபகுதியில் ஏழு குன்றுகளை அணைத்துக் கிடக்கும் பம்பெர்க் நகரத்தில், பேராலயத்து மணியோசை நேரே தலையில் வந்து விழும் ஒரு குறுகிய தெருவில், உத்தரம் தாழ்ந்து மேஜைகள் கறுத்துப்போன ஒரு மதுச்சாலைக்குள் குனிந்து நுழைந்து, முன்பின் அறியாத இரு பெரியவர்களுக்கு நடுவே கிடைத்த ஒரு சாண் இடத்தில் உட்கார்ந்து, மரப்பீப்பாயிலிருந்து நேரே பிடித்து வந்த கரும்பழுப்பு நிற பீரை முதன்முதலாக நான் வாயில் வைத்தபோது, எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் வீட்டு அடுப்பங்கரைதான். மழைக்காலத்தில் விறகு ஈரமாக இருந்து, சரியாகப் பற்றாமல் புகைந்துகொண்டே எரிந்த நாட்களில், அம்மா இறக்கி வைக்கும் ரசத்தில் மெல்லிய புகைவாடை ஏறியிருக்கும். 'புகை பிடித்துவிட்டது' என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு நாங்கள் மோருக்குத் தாவுவோம். அந்தப் புகைவாடையைக் குற்றமென்று கருதாமல், அதையே குலதனமாகப் போற்றி, விலையும் கொடுத்து வாங்கிக் குடிக்கிற ஜனங்கள் பூமியில் உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பக்கத்திலிருந்த பெரியவர் என் முகம் போன போக்கைக் கவனித்துவிட்டார். தம் கோப்பையை மெதுவாக மேஜைமேல் வைத்து, எனக்குப் புரியவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி, "மூன்றாவது ஸைட்லா வரைக்கும் ஒன்றும் சொல்லாதீர்கள், ஐயா" என்றார். ஸைட்லா என்பது பிராங்கோனியா என்று வழங்கும் அந்தப் பிரதேசத்தின் பேச்சில் அரை லிட்டர். மூன்று ஸைட்லா என்றால் ஒன்றரை லிட்டர். அது என் சரீரம் தாங்கும் அளவன்று. ஆகவே, உத்தியோக நிமித்தம் ஓராண்டு நியூரம்பெர்க்கில் தங்கவேண்டியிருந்த எனக்கு, பம்பெர்க் ஒரு மணிக்கும் குறைவான ரயில் பிரயாணத்தில் இருந்தமையால், அந்தப் பெரியவர் சொன்ன மூன்று கோப்பைகளையும் ஒரே மாலையில் குடிக்காமல் மூன்று வெவ்வேறு பருவங்களில் குடித்துப் பார்த்து, அதன் பிறகே அபிப்பிராயம் சொல்வதென்று அங்கேயே தீர்மானித்துக்கொண்டேன்.

தமிழில் மதுவைப் பற்றி எழுத வருகிறவன் முதலில் வாசகரிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பிறகு மதுவின் தீமைகளைக் குறித்து ஒரு பத்தி எழுதி, அதன் பிறகே விஷயத்துக்கு வருவது சம்பிரதாயம். அந்தத் தீமைகளை நான் மறுக்கவில்லை. குடித்துக் குடும்பம் கெட்ட கதைகள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஆனால், ஒரு மாலைக்கு ஒரு கோப்பை, மிஞ்சினால் இரண்டு என்ற கணக்கோடு, நாக்கை வேலைக்காரனாக வைத்துக்கொண்டு ஓர் ஊரின் ஓராண்டை அளந்து பார்த்தவனுக்குச் சொல்ல வேறு விஷயமும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்த அக்டோபருக்கு முந்தைய கோடையில் எனக்கு நேர்ந்த ஓர் அவமானத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பெரிய நகரமொன்றில், சிறு ஆலைகள் பலவும் கூடித் தத்தம் பீரை ருசி காட்டும் சந்தை ஒன்றுக்கு நண்பர்கள் அழைத்துப் போனார்கள். ஆளுக்குப் பன்னிரண்டு சிறு கண்ணாடிக் குவளைகள், மதிப்பெண் போட ஓர் அட்டை, ஒரு பென்சில். முதல் மூன்று குவளைகளுக்கு நான் பரீட்சை விடைத்தாள் திருத்தும் உபாத்தியாயரைப்போல் அரை மதிப்பெண், கால் மதிப்பெண் என்று நுணுகிப் போட்டேன். நான்காவது, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவை அள்ளிக் கொட்டிய ஒரு பீர். வேப்பங்கொழுந்தை மென்றதுபோல் நாக்கு மரத்தது. அதன் பின்னே வந்த எட்டும் எனக்கு வெறும் குளிர்ந்த தண்ணீர்தான். ஆனாலும் அட்டையை நிரப்பினேன். ஒன்பதாவதற்கு முதலிடமும் கொடுத்தேன். மறுநாள் காலையில் அந்த ஒன்பதாவதன் நிறம்கூட நினைவுக்கு வரவில்லை. ஒரே உட்காரலில் பல ஊர்ப் பதார்த்தங்களை வரிசையாக வைத்து ஒப்பிடும்போது நாம் அளப்பது எதிரிலிருக்கும் கோப்பையை அன்று, அதற்கு முந்தைய கோப்பை நாக்கில் விட்டுப்போன காயத்தை என்பது அந்த அட்டையைக் கிழித்தெறிந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

ஷ்லெங்கர்லா என்ற அந்தப் பம்பெர்க் மதுச்சாலை, வேறு விதமான ஒப்பீட்டுக்கு இடம் கொடுத்தது. 1405ஆம் ஆண்டிலேயே ஏட்டில் பெயர் காணும் அந்த வீடு, ஆண்டு முழுதும் பீப்பாயிலிருந்து ஊற்றுவது மெர்ட்சன் என்ற ஒரே பீரை, நூற்றுக்கு 5.1 பங்கு சாராயச் சத்துள்ளது. அதற்குப் பக்கத்தில், திருவிழாவுக்கு வரும் உறவினரைப்போல், ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு விருந்தாளி வந்து சில வாரங்கள் இருந்துவிட்டுப் போகும். மெர்ட்சனை உரைகல்லாக வைத்துக்கொண்டு, விருந்தாளிகளை ஒவ்வொருவராக உரசிப் பார்ப்பதுதான் என் திட்டம். வீட்டின் பெயருக்குக்கூட ஒரு சுவையான காரணம் சொல்கிறார்கள்: முன்னொரு காலத்தில் இங்கே இருந்த பீர்க்காரர் ஒருவர் கையையும் காலையும் வீசித் தள்ளாடி நடப்பாராம், அந்த நடைக்கு ஊரார் வைத்த பட்டப்பெயரே கடைக்கு நிலைத்துவிட்டது.

பீருக்கும் பருவத்துக்கும் உள்ள உறவு ரசிகர்கள் கூடிச் செய்த அலங்காரமன்று. அது முதலில் வெயிலின் கட்டளை. மால்ட் என்னும் முளைகட்டிய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்து எடுத்த இனிப்புச் சாற்றை, ஹாப்ஸ் சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்தால், அதைப் புளிக்கவைக்க ஈஸ்ட் மட்டும் வருவதில்லை. காற்றிலுள்ள அழையா விருந்தாளிகள் அத்தனையும் வந்துசேரும். குளிர்காலத்தில் அவை ஒடுங்கிக் கிடக்க, குளிரைத் தாங்கும் ஒருவகை ஈஸ்ட் மாத்திரம் பாத்திரத்தின் அடியில் படிந்து, எட்டு பத்து டிகிரிக் குளிரில் சாவகாசமாக வேலை செய்யும். கோடையில் நிலைமை தலைகீழ். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இரவு கரைத்த தோசை மாவு விடியுமுன் பொங்கிப் புளித்து வழிவதைக் கண்ட எந்தத் தமிழ்க் குடும்பத்தலைவிக்கும் இதை விளக்கிச் சொல்லவேண்டிய அவசியமில்லை.

ராஜாங்கமும் வெயிலோடு ஒத்துப்போயிற்று. பவேரியப் பிரபுக்கள் 1516ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் தேதி இங்கோல்ஷ்டட் நகரில் பிறப்பித்த சட்டத்தை, பீரில் வாற்கோதுமை, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறொன்றும் சேரலாகாது என்ற ஒற்றை விதிக்காகவே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் முன்பகுதி பேசுவதோ பருவத்தையும் விலையையும்தான்: செப்டம்பர் இறுதியில் வரும் மிக்கேல் சம்மனசு திருநாள் முதல் ஏப்ரலில் வரும் புனித ஜார்ஜ் திருநாள் வரை ஒரு படி பீர் ஒரு பெனிக்குக்கு மேல் விற்கலாகாது, மற்ற அரையாண்டில் இரண்டு பெனிக் வரை போகலாம். அதாவது, குளிர்கால பீருக்கு ஒரு விலை, கோடை பீருக்கு இன்னொரு விலை என்று பருவபேதம் சட்டத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. அந்த நூற்றாண்டின் நடுவிலோ, புனித ஜார்ஜ் திருநாளுக்குப் பிறகு மிக்கேல் திருநாள் வரையில் பீர் காய்ச்சவே கூடாதென்றும் தடை வந்தது. பீர் கெட்டுப்போகும் என்பதோடு, வறண்ட கோடையில் உலைநெருப்பு பறந்து ஊரை எரித்துவிடும் என்ற பயமும் அதற்குக் காரணம். பம்பெர்க்காரர்களிடம் இந்தப் பவேரியச் சட்டத்தைப் புகழ்ந்து பேசுவது உசிதமன்று. அக்காலத்தில் பம்பெர்க் பவேரியாவைச் சேர்ந்ததன்று, ஆயரே அரசராக இருந்து ஆண்ட தனி ராஜ்யம். அந்த ராஜ்யத்தில் இதேபோன்ற விதி 1489இலேயே வந்துவிட்டது என்று, இருபத்தேழு வருஷத்து மூப்பை நேற்று நடந்ததுபோல் சொல்லிக் காட்டுவார்கள்.

கோடையில் காய்ச்சக் கூடாதென்றால் கோடையில் எதைக் குடிப்பது? மார்ச் மாதத்தில், தடை வருமுன், சற்றுக் கூடுதலான மால்ட்டும் கூடுதலான ஹாப்ஸும் போட்டு, சத்தும் கசப்பும் ஓங்கிய பீரைக் காய்ச்சி, மலைப்பாறையைக் குடைந்த நிலவறைகளில் இறக்கி, குளத்திலும் ஆற்றிலும் வெட்டியெடுத்த பனிக்கட்டியை அடுக்கி மூடிவைத்தார்கள். மார்ச் மாதத்து பீர் என்பதே மெர்ட்சன் என்ற பெயரின் பொருள்; லாகர் என்று நாம் பாட்டில்களின்மேல் பார்க்கும் சொல்லுக்கும் 'இருப்பு வைத்தல்' என்பதற்கு மேல் வேறு ரகசியமில்லை. நம்முடைய ஆவக்காயும் மாவடுவும்போல, கிடைக்கும் காலத்தில் பிடித்துக் கிடைக்காத காலத்துக்கு வைத்துக்கொள்ளும் இல்லறத் தந்திரந்தான் இது.

இனி அந்தப் புகைக்கு வருவோம். முளைகட்டிய தானியத்தை உலர்த்தவேண்டும். வெயில் போதாத தேசத்தில் விறகு மூட்டித்தான் உலர்த்தவேண்டும். விறகு மூட்டினால் புகையும். ஆகவே முற்காலத்தில் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பீர் என்றாலே சிறிதளவு புகை மணத்துத்தான் இருந்திருக்கும். புகை படாமல் சூடான காற்றினால் மட்டும் உலர்த்தும் சூளைகள் பிற்காலத்தில் வந்ததும், எல்லோரும் அப்பாடா என்று புகையைத் துறந்தார்கள். பம்பெர்க்கில் ஷ்லெங்கர்லாவும், 1536 முதல் இருந்துவரும் ஷ்பெட்சியால் என்ற இன்னொரு வீடும் மட்டும் துறக்கவில்லை. இன்றைக்கும் இவ்விரு வீடுகளும் தங்களுடைய மால்ட்டைத் தாங்களே பீச் மரத்துக் கட்டைகளை எரித்து உலர்த்திக்கொள்கின்றன. விசித்திரம் என்னவென்றால், உலகெங்குமுள்ள சிறு பீர் ஆலைகளுக்கு வகைவகையான மால்ட்டை அனுப்பிவைக்கும், 1879இல் தொடங்கிய வையர்மான் ஸ்தாபனமும் இதே ஊரில்தான் இருக்கிறது. புதுமையை நாடிப் போகிற கைவினை பீர்க்காரர் ஒருவர் எந்தக் கண்டத்திலிருந்தாலும், அவருடைய கிடங்கின் மூலையில் பம்பெர்க் முத்திரையிட்ட மூட்டை ஒன்று கிடந்தால் ஆச்சரியப்படவேண்டாம்.

முதல் விருந்தாளி அதே அக்டோபரில் வந்தது. ஊர்பொக் என்று பெயர், 6.5 பங்கு, நகரத்துக் குன்றொன்றின் அடியிலுள்ள பழைய பாறை நிலவறைகளில் மாதக் கணக்கில் உறங்கி எழுந்து வருவது. பொக் என்ற சொல்லின் கதையை இங்கே சொல்லாமல் போகமுடியாது. வடஜெர்மனியின் ஐன்பெக் என்ற ஊரில் காய்ச்சிய சத்துமிக்க பீர் தெற்கே மியூனிக் அரண்மனை வரை பிரசித்தி பெற்றிருந்தது. தெற்கத்தியார் வாயில் அந்த ஊர்ப்பெயர் நசுங்கி 'ஐன் பொக்' ஆயிற்று. அவர்கள் பாஷையில் அதற்கு 'ஓர் ஆட்டுக்கடா' என்று பொருள். அன்றிலிருந்து ஆட்டுக்கும் பீருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமலிருந்தும், பொக் பீர் சீசாக்களில் கொம்பை ஆட்டிக்கொண்டு ஒரு கடா நிற்கிறது.

மெர்ட்சனை அரைக் கோப்பை குடித்து, சிறிது ரொட்டி தின்று, பிறகு ஊர்பொக்கைத் தொட்டேன். மெர்ட்சனில் புகை மேலே நின்றது. மூக்கைப் பிடித்து அறைந்தது. ஊர்பொக்கிலோ புகை உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. முதலில் வந்தது கருப்பட்டியை இளம்பாகாகக் காய்ச்சும்போது எழும் வாசனை. அதன் பின், விழுங்கியான பிறகு, தொண்டையிலிருந்து மூக்குக்குத் திரும்பி வருகிற மூச்சிலே புகை. திராட்சை மதுவைச் சோதிப்பவர்கள் வாயில் சுழற்றித் துப்பிவிடுவார்கள். பீரைச் சோதிப்பவர்கள் விழுங்குவதற்கு நியாயம் இந்தத் திரும்பிவரும் மூச்சில்தான் இருக்கிறது. அன்றிரவு அங்கேயே அதே வீட்டாரின் ஹெல்லஸ் என்ற வெளிறிய பீரின் பாட்டில் ஒன்றையும் வாங்கி இரண்டு வாய் குடித்தேன். இதில் புகைபட்ட மால்ட் ஒரு மணிகூடக் கிடையாது. ஆனால் அதே செப்புக் கொப்பரையில் காய்ச்சி, அதே ஈஸ்ட்டினால் புளிக்கவைப்பதால், ஒரு நூலிழைப் புகை இதிலும் இருக்கும் என்று சொல்லக் கேட்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. விற்பனைக்காகச் சொல்லும் கதை என்று எண்ணிக்கொண்டு ரயிலேறினேன்.

டிசம்பரில் ஐஷெ வந்தது. ஐஷெ என்றால் ஓக் மரம். கிறிஸ்துமஸுக்கென்று வரும் இந்த இரட்டை பொக்குக்கு 8 பங்கு பலம்; மால்ட்டை உலர்த்தப் பீச் விறகுக்குப் பதில் ஓக் விறகு. விறகு மாறினால் புகை மாறுமா என்று கேட்பவர்கள், சவுக்குக் கட்டையில் எரித்த அடுப்புக்கும் தென்னைமட்டையில் எரித்த அடுப்புக்கும் வித்தியாசம் தெரியாத பட்டணத்துக்காரர்கள். மாறத்தான் செய்கிறது. பீச் மரத்தின் புகை கூர்மையானது, உப்பிட்டு உலர்த்திய மாமிசத்தை நினைவூட்டுவது. ஓக்கின் புகை வழவழப்பானது, பழைய மரப்பெட்டியைத் திறந்தாற்போல் இருப்பது. வெளியே பனி பெய்துகொண்டிருந்த அந்த மாலையில் நான் ஒரு தவறும் செய்தேன்: கோப்பை வந்த உடனே குடித்தேன். குளிர்ந்த நிலையில் அது வெறும் இனிப்பும் சாராயமுமாக இருந்தது. பேச்சு சுவாரசியத்தில் மறந்துபோய் முக்கால் மணி நேரம் கழித்து மிச்சத்தை எடுத்தபோது, கோப்பை அறையின் கதகதப்பை வாங்கிக்கொண்டு, உலர்ந்த அத்திப்பழமும் வறுத்த முந்திரியும் மேலே கிளம்பியிருந்தன. பலமுள்ள பீரைக் காத்திருந்து குடிக்கவேண்டும். மெல்லிய பீரைக் காத்திருக்காமல் குடிக்கவேண்டும். பீர் என்றால் பனிக்கட்டிபோல் இருக்கவேண்டும் என்று நம் ஊரில் வேரூன்றியிருக்கும் அபிப்பிராயம், வெயிலுக்கு நியாயம் செய்கிறதே ஒழிய பீருக்குச் செய்வதில்லை.

பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும் சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரை நீளும் தவக்காலத்துக்கென்று வடிகட்டாத செம்பழுப்பு பீர் ஒன்றை இந்த வீடு காய்ச்சுகிறது. நோன்புக் காலத்தில் மது எப்படி என்று நம்மவர்கள் திகைப்பார்கள். மடத்துத் துறவிகளின் வாதம் இதுதான்: திடமான ஆகாரம் நோன்பை முறிக்கும், திரவம் முறிக்காது. ஏகாதசியன்று அரிசிச் சோறு கூடாது, ரவை உப்புமா பலகாரம்தானே என்று மூன்று தட்டு சாப்பிடுகிற பரம்பரையில் வந்த நாம் இதைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை. மியூனிக்கில் பவுலானர் துறவிகள் நோன்புக்காகக் காய்ச்சிய கனத்த பீர் சால்வடோர் என்று பெயர் பெற்றது. அதைக் கண்டு மற்ற ஆலைக்காரர்களும் தங்கள் தவக்கால பீருக்கு 'அடோர்' என்று முடியும்படி மாக்ஸிமேடோர், ஆப்டிமேடோர், ட்ரையம்ஃபேடோர் என்றெல்லாம் நாமகரணம் செய்துகொண்டார்கள். ஆண்டுதோறும் பவுலானர் பீப்பாய் திறக்கும் வைபவத்தில், மந்திரிகளை முன்வரிசையில் உட்காரவைத்து, மேடையிலிருந்து ஒருவர் அவர்களை வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்வதும், மந்திரிகள் சிரித்துக்கொண்டே கேட்பதும் அங்கே மரபு. நம் ஊரில் இதைப் பரீட்சித்துப் பார்க்க நான் யாருக்கும் யோசனை சொல்லமாட்டேன்.

தவக்காலத்தில்தான் என் இரண்டாவது மெர்ட்சனைக் கணக்கில் வைத்தேன். புகை இப்போது அறையவில்லை. வாசலில் நின்று குசலம் விசாரித்தது, அவ்வளவே. அதன் பின்னே, முதல் முறை என் கண்ணுக்கே படாத ஒரு கசப்பு, கடுக்காய்த் துவர்ப்புபோல் நாக்கின் ஓரங்களைச் சுருக்கி நின்றது. பீர் மாறவில்லை, நான் மாறியிருந்தேன்.

கோடை வந்ததும் பம்பெர்க் ஜனங்கள் பேசும் ஒரு வாக்கியம் அந்நியனைக் குழப்பும்: 'நிலவறைக்கு மேலே போகிறோம்' என்பார்கள். நிலவறை கீழே அல்லவா இருக்கவேண்டும்? விஷயம் இதுதான். பீரைக் குளிரவைக்கும் அறைகளைக் குன்றுகளின் வயிற்றில் குடைந்திருந்தார்கள். குன்றின் முதுகில் வெயில் ஏறாமலிருக்க, அகன்ற இலையும் அறையின் கூரையைத் துளைக்காத மேலோட்டமான வேரும் உள்ள செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். மரம் வளர்ந்து நிழல் விழுந்தது; நிழல் விழுந்த இடத்தில் ஒருவர் பெஞ்சு போட்டார்; கீழே பீர், மேலே பெஞ்சு என்றால் பிறகு நடக்கவேண்டியது நடந்தது. ஆலைக்காரர் நிலவறை வாசலிலேயே பீர் விற்றால் ஊருக்குள்ளிருக்கும் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் பிழைப்பது எப்படி என்று மியூனிக்கில் வழக்கு எழுந்தபோது, பவேரிய மன்னர் மாக்ஸிமிலியன் யோசஃப் 1812இல் ஒரு சமரசம் செய்துவைத்தார்: நிலவறை வாசலில் பீர் விற்கலாம், ரொட்டியும் விற்கலாம், சமைத்த உணவு விற்கலாகாது. அதனால் குடிக்க வந்தவர்கள் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்தார்கள். தடை எப்போதோ போய்விட்டது. கட்டுச்சோற்று மூட்டை மாத்திரம் போகவில்லை.

ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஷ்பெட்சியால் வீட்டாருக்குச் சொந்தமான குன்றின்மேல் நிலவறைக்கு நானும் மூச்சு வாங்க ஏறிப்போனேன். பலகையில் இடம் பிடித்து, ஜன்னலண்டை வரிசையில் நின்று, கோப்பையை நாமே வாங்கிவரவேண்டும். கீழே ஊர் முழுதும் செந்நிற ஓட்டுக் கூரைகளாக விரிந்து கிடந்தது. பேராலயத்தின் நான்கு கோபுரங்களும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பனபோல் தோன்றின. எதிர்ப்பலகையில் ஒரு குடும்பம். பாட்டி கட்டம்போட்ட துணியை மேஜைமேல் விரித்து, கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்: கறுப்பு ரொட்டி, வெண்ணெயும் மிளகாய்த்தூளும் வெங்காயமும் போட்டுப் பிசைந்த பாலாடைக்கட்டி, நூல்போல் நீளமாகச் சீவி உப்பிட்டு வைத்த வெள்ளை முள்ளங்கி. முள்ளங்கித் துண்டு ஒன்றைக் கத்தி முனையில் எடுத்து என் பக்கம் நீட்டி, சாப்பிடும்படி தலையை அசைத்தாள். உப்பு இறங்கி, காரம் தணிந்து, 'நறுக்' என்று கடிபட்ட அந்தத் துண்டுக்குப் பின்னால் குடித்த வாய் பீர், அதற்கு முந்தைய வாய் பீரைக் காட்டிலும் இருமடங்கு இனித்தது. ஷ்பெட்சியாலின் பீர் செம்பொன் நிறம். அதிலும் புகை உண்டு. ஆனால் ஷ்லெங்கர்லாவின் புகை சமையலறைக்குள் நின்று நுகர்வதென்றால், இது இரண்டு தெரு தள்ளி யாரோ சருகு கொளுத்துகிற புகை. இரண்டில் எது உயர்ந்தது என்று அந்தப் பாட்டியின் பேரனிடம் கேட்டேன். அவன் கேள்வியே புரியாதவன்போல் என்னைப் பார்த்து, "அது அங்கே குடிப்பது, இது இங்கே குடிப்பது" என்றான்.

அன்று மாலை இறங்கி வரும் வழியில் ஷ்லெங்கர்லாவில் மூன்றாவது மெர்ட்சன். உள்ளே புழுக்கம், ஆகவே நடைவழியிலுள்ள சிறு ஜன்னலில் வாங்கிக்கொண்டு, மற்றவர்களோடு தெருவிலேயே நின்று குடித்தேன். பெரியவர் சொன்ன தவணை முடிந்தது. அபிப்பிராயம் என்னவென்றால், அதைப் புகை பீர் என்று அழைக்கவே எனக்கு இப்போது தோன்றவில்லை. பாயசத்தை யாரும் ஏலக்காய்ப் பானம் என்று சொல்வதில்லையே.

கோதுமை பீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈஸ்ட்டின் வேலையினாலேயே கிராம்பும் வாழைப்பழமும் மணக்கும் அந்த மேகமூட்டமான பீர் தெற்குப் பவேரியாவின் கோடைச் செல்லப்பிள்ளை. நம்மவர்கள் நாக்குக்கு முதல் வாயிலேயே பிடித்துவிடும். பிடித்துவிடுவதாலேயே அதில் எனக்குச் சொல்ல அதிகமில்லை. அக்டோபர் விழாவும் அப்படியே: 1810இல் பட்டத்து இளவரசர் லுட்விக்கின் கல்யாணத்தில் தொடங்கி, இப்போது செப்டம்பரிலேயே ஆரம்பமாகிவிடும் அந்த மியூனிக் பெருவிழாவில், பாதாளத்தில் கோடையைக் கழித்த செம்பழுப்பு மெர்ட்சன் ஒரு காலத்தில் ஓடியது, இன்று லிட்டர் லிட்டராகப் போவது அதைவிட வெளிறிய, எளிதில் இறங்கும் பீர். அங்கே ருசி பார்க்க யாரும் போவதில்லை, நானும் போகவில்லை.

1870களில் கார்ல் ஃபான் லிண்டே, மியூனிக் ஷ்பாட்டன் ஆலைக்காகக் குளிர்பதன யந்திரத்தை அமைத்தபோது, பீருக்குப் பருவம் என்ற நிர்ப்பந்தம் தீர்ந்துபோயிற்று. யந்திரம் வருமுன் குளிர்காலமில்லாத தேசங்களில் என்ன செய்தார்கள் என்றால், காலத்தில் கிடைக்காத குளிரை உயரத்தில் தேடினார்கள். ஹிமாலயச் சாரலில் கசௌலியில் 1850களில் பீர் ஆலை வைத்த எட்வர்ட் டயர், பின்னாளில் ஜாலியன்வாலாபாக்கில் துப்பாக்கிச் சூட்டுக்கு உத்தரவிட்ட டயரின் தகப்பனார். இலங்கையிலோ, நம் மலையகத் தமிழர்கள் கொழுந்து பறித்த நுவரெலியாவின் ஆறாயிரம் அடி உயரத்துக் குளிரில் பீர் காய்ச்சினார்கள். அந்தப் பரம்பரையில் வந்த கறுத்த லயன் ஸ்டவுட்டை, பாடகரின் பெயரையே கொண்ட ஆங்கிலேய பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்ஸன் தேடிப்போய்ப் பருகி, உலகுக்கு எடுத்துச் சொன்னார். உலகத்து பீர்களை எல்லாம் இனம் இனமாகப் பிரித்து அவர் 1977இல் வெளியிட்ட புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அமெரிக்காவின் சிறு ஆலைக்காரர்கள் பலர் மறைந்துபோன பழைய வகைகளுக்கு உயிர் கொடுத்தார்கள். அவர்கள் மூலம் பருவமும் திரும்பி வந்தது. கலிபோர்னியாவின் சியர்ரா நெவாடா ஆலை, அந்த ஆண்டின் முதல் அறுவடை ஹாப்ஸைக் கொண்டு குளிர்காலத்துக்கென்று காய்ச்சும் செலிபிரேஷன் பீர் அதற்கு நல்ல சாட்சி. ஆனால் வியாபாரம் பருவத்துக்குக் காத்திருக்குமா? இலையுதிர் காலத்துக்குரிய பூசணிக்காய் பீர் இப்போது ஆகஸ்ட் வெயிலிலேயே கடைத் தட்டுகளில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. தீபாவளி பட்சணத்தை ஆடியிலேயே விற்கிற மாதிரி. பம்பெர்க்கில் எவரும் ஐஷெயை நவம்பர் முதல் தேதியில் கேட்டு நான் பார்த்ததில்லை. யந்திரம் இருக்கிறது, எந்த மாதமும் காய்ச்சலாம், இருந்தும் காய்ச்சாமலிருக்கிறார்கள்.

நியூரம்பெர்க்கை விட்டுக் கிளம்ப ஒரு வாரமிருக்கையில், மறுபடியும் அக்டோபரில், கடைசி முறையாக அந்தத் தெருவுக்குப் போனேன். ஊர்பொக் அன்றுதான் திறந்திருந்தார்கள். உள்ளே நிற்க இடமில்லை. பெரியவரைக் கண்கள் தேடின. அவருடைய மூலையில் யாரோ இளைஞர்கள். பரிமாறும் அம்மாள் என்னைக் கண்டதும் மெர்ட்சனா, ஊர்பொக்கா என்ற பாவனையில் இரண்டு விரல்களைக் காட்டினாள். இரண்டும் வேண்டாம், முதலில் ஒரு ஹெல்லஸ் என்றேன். அவள் புருவத்தை உயர்த்திவிட்டுப் போய்ப் பாட்டிலைக் கொண்டுவந்தாள். அன்று காலை முதல் காப்பியோ காரமோ நாக்கில் படாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊற்றி, நுரை அடங்கக் காத்திருந்து, ஒரு வாய் குடித்தேன். வைக்கோல் மணம், ரொட்டியின் மென்மையான இனிப்பு. விழுங்கினேன். மூச்சு திரும்பி வரும்போது, ஈர விறகு அடியோடு எரிந்து அணைந்த பிறகு, மறுநாள் காலையில் சாம்பலை அள்ளும்போது வருமே, அவ்வளவு மெலிதாக, அது இருந்தது.

எட்டு மணி ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது. இரண்டாவது கோப்பைக்கு நான் கை தூக்கவில்லை.